ஒரு காது வேங்கிக்கால்ல

நான் இப்போ ஒரு தனியார் பள்ளியில எட்டாவதுக்கு டீச்சர். தினமும் காலையில பிரேயர் முடிஞ்சதும் பிள்ளைங்க பையைத் தடவிப் பார்க்கிற வேலை என்னுது. போன் இருந்தா எடுத்து, பேர் எழுதின சீட்டை ஒட்டி, ஆபீஸ்ல வைக்கணும். வைக்கிறேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாத்ரூம்ல நின்னு ரீல்ஸ் எடுக்கிறதுக்கும், முன் பெஞ்சுப் பொண்ணு தூங்கி வழியறதைப் படம் பிடிச்சு குரூப்புல போட்டுச் சிரிக்கிறதுக்கும் ஸ்கூலுக்கு வரவேண்டியதே இல்லை.

ஆனா போன வாரம் ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர், "நம்ம காலத்துல இப்படியா இருந்தோம்? பெரியவங்க வேணாம்னா வேணாம்தான்"னு ஆரம்பிச்சாங்க. எனக்கு வாய் சும்மா இருக்காது. "நான் பன்னெண்டாவதுல போனோட கையும் களவுமா மாட்டியிருக்கேன் டீச்சர். மன்னிப்பு எழுதிக் குடுன்னாங்க. எழுதலை. இன்னைக்குக் கேட்டாலும் எழுதமாட்டேன்"னேன். அவங்க டீ கிளாஸைக் கீழே வச்சுட்டு என்னையே பார்த்தாங்க. அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு. அங்க சொல்ல முடியாததை இங்க சொல்றேன்.

எங்கம்மாவுக்குக் காது கேட்காது. பொறந்ததுல இருந்தே. பேச்சும் வராது. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கு, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதும். அப்பா நான் மூணாவது படிக்கும்போதே தவறிட்டாரு. வீட்டுல நாங்க ரெண்டே பேர், எங்க பேச்செல்லாம் கையாலதான். "ஊமைப் பொம்பளை"ன்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வரும். எங்கம்மா மாதிரி ஒரு வாயாடி இந்த ஊர்லயே கிடையாது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துல யார் என்ன புடவை கட்டினாங்க, யார் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாங்க, எல்லாத்தையும் சோறு ஆறிப்போற வரைக்கும் சொல்லும். கை சும்மாவே இருக்காது.

செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்கு வர்றவங்க தங்குற ஒரு இடத்துல அதுக்கு வேலை. ரூம் பெருக்கணும், விரிப்பு துவைக்கணும். வெளிநாட்டுக்காரங்களுக்கு எங்கம்மான்னா உசிரு. தமிழ் தெரியாதவங்க கையாலதானே பேசியாகணும்? அந்தத் தெருவுல சில பேரு கழுத்துல 'மௌனம்'னு எழுதின அட்டையை மாட்டிக்கிட்டு நடப்பாங்க. அவங்க கடைக்கு வந்தா கடைக்காரர் எழுந்து நின்னு கும்பிடுவாரு. ஒரு விரலைக் காட்டினா போதும், தண்ணியா, பழமா, சோப்பான்னு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டிப் பொறுமையா கேட்பாரு. அதே கடையில எங்கம்மா போய் விரலைக் காட்டினா, "பொண்ணைக் கூட்டிட்டு வாம்மா, கும்பல் ஜாஸ்தியா இருக்கு"ம்பாரு. எனக்குக் கோவம் கோவமா வரும். எங்கம்மா சிரிக்கும். "எனக்கும் ஒரு அட்டை எழுதிக் குடு, கும்பிடுறாரான்னு பார்ப்போம்"னு கையாலே சொல்லும்.

வெயில் காலத்துல அந்தத் தங்கும் இடத்துக்கு ஆளே வராது. "அப்புறம் சொல்லி அனுப்பறோம்"னு எங்கம்மாவை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வருஷா வருஷம் அந்த ரெண்டு மூணு மாசம் எப்படி ஓடும்னு எங்களுக்குத்தான் தெரியும். அதனால ஒரு அரசு விடுதியில சமையல் உதவியாளர் வேலைக்கு எங்கம்மா மனு போட்டிருந்துச்சு. நான் பதினொண்ணாவது படிக்கும்போது நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்க. கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்கால்ல ஒரு ஆபீஸ். அங்க ஆபீஸுக்கா பஞ்சம், எந்த ஆபீஸ்னு நான் சொல்லப்போறதில்லை.

அங்க எப்படின்னா, வராந்தாவுல பெஞ்சு போட்டு எல்லாரையும் உக்கார வச்சிருவாங்க. பியூன் கதவுகிட்ட நின்னு ஒவ்வொரு பேரா சத்தமா கூப்பிடுவாரு. ரெண்டு தடவை கூப்பிட்டும் ஆள் வரலைன்னா அடுத்த பேருக்குப் போயிடுவாரு. எங்கம்மா என்ன பண்ணுச்சு? பக்கத்துல உக்கார்ந்திருந்த ஒரு அம்மாகிட்ட தன் சீட்டைக் காட்டி, கூப்பிட்டா தோளைத் தட்டச் சொல்லிச்சு. அந்தம்மாவும் தலையாட்டுச்சு. அப்புறம் அந்தம்மா பேரே முதல்ல வந்திருச்சு, உள்ள போச்சு, அப்படியே இன்னொரு வாசல் வழியா வீட்டுக்குப் போயிருச்சு. எங்கம்மா பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் தட்டுறதுக்கு ஆள் இல்லாம உக்கார்ந்திருந்துச்சு. மத்தியானம் எழுந்தா பேர் போயிடுமோன்னு தண்ணிகூடக் குடிக்கலை.

ஒரு வாரம் கழிச்சு அங்க பட்டியல் ஒட்டியிருந்தாங்க. அம்மா பேருக்கு நேரா 'ஆஜராகவில்லை'ன்னு இருந்துச்சு. அதைப் படிச்சு, கையால எங்கம்மாவுக்குச் சொல்லவேண்டியது நானா போச்சு. "நீ வரலைன்னு எழுதியிருக்கு"ன்னேன். அதுக்குப் புரியலை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச்சு. சொன்னேன். "வந்தேனே! பெஞ்சுல இருந்தேனே!"ன்னு அந்த இடத்திலேயே நின்னுக்கிட்டு, எதிர்ல இருந்த பெஞ்சையே கையைக் காட்டிக் காட்டி என்கிட்ட சொல்லிச்சு. வேலை இல்லைன்னா பரவாயில்லை, அது அவங்க இஷ்டம். நாள் முழுக்கக் குத்துக்கல்லாட்டம் உக்கார்ந்திருந்த மனுஷியை வரவே இல்லைன்னு எழுத எப்படிக் கை வந்துச்சு? இப்ப நினைச்சாலும் எனக்கு ஆத்திரம் அடங்கலை.

அடுத்த வருஷம் மறுபடி கடிதம் வந்துச்சு. வயசு வரம்பு தாண்டப் போகுது, அம்மாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. நான் பன்னெண்டாவது. கூடப் போகலாம்னா லீவு இல்லை. பேங்க், ஆஸ்பத்திரி, ரேஷன்னு அம்மாகூடப் போய்ப் போய் அந்த வருஷம் ஏற்கனவே ஏகப்பட்ட லீவு. இன்னும் ஒரு நாள் குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டோம்னு கிளாஸ் டீச்சர் சொல்லிட்டாங்க. எங்கம்மாவும், "நீ ஸ்கூலுக்குப் போ, எனக்காகப் படிப்பைக் கெடுத்துக்காதே"ன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு.

கொரோனா வந்தப்போ ஆன்லைன் கிளாஸுக்குன்னு வாங்கின போன் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. அப்போ போன் இல்லைன்னா படிப்பே இல்லைன்னாங்க. ஸ்கூல் திறந்ததும் போன் இருந்தா படிப்பே இல்லைன்னுட்டாங்க. நான் திருட்டுத்தனமா ஆரம்பிக்கலை, அதை முதல்ல தெரிஞ்சுக்கங்க. நேரா எச்.எம். மேடத்துகிட்ட போய்த்தான் கேட்டேன். அவங்க ஒண்ணும் மோசமானவங்க இல்லை. "உனக்கு விட்டா நாளைக்கு எல்லாருமே எங்கம்மாவுக்கு முடியலைன்னு வந்து நிப்பாங்கம்மா. போனை ஆபீஸ்ல வை. உங்கம்மா கூப்பிட்டா கிளார்க் எடுத்துட்டு உன்னைக் கூப்பிடுவாரு"ன்னாங்க. நியாயம்தான். வச்சேன்.

அடுத்த வாரம் எங்கம்மா பேங்க்ல இருந்து வீடியோ கால் போட்டுச்சு. கிளார்க் எடுத்தாரு. எடுத்து என்ன பண்ணினாரு? காதுல வச்சுக்கிட்டாரு. "அலோ! அலோ! யாருங்க, பேசுங்க!"ன்னு கத்தியிருக்காரு. பேங்க் கவுண்டர் முன்னால நிக்கிற எங்கம்மாவுக்குத் திரை முழுக்க ஒரு காது. காது முடிகூடத் தெரிஞ்சுதாம். "ஆள் பேசவே மாட்டேங்குது, ராங் நம்பர்"னு கட் பண்ணிட்டாரு. சாயந்திரம் எங்கம்மா அந்தக் காதை நடிச்சுக் காட்டினப்போ நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் அழுகை வந்துச்சு. காது கேட்காத ஒருத்திக்கு எங்க ஸ்கூல் காட்டினது ஒரு காதைத்தான்.

அதனால நேர்காணல் அன்னைக்கு நான் ஆபீஸை நம்பலை. நாங்களே ஒரு வழி பண்ணினோம். காலையில அம்மா எனக்கு ஒரு கால் போட்டுட்டு, போனைக் கையிலேயே வச்சுக்கிட்டுப் பெஞ்சுல உக்காரணும். கால் ஓடிக்கிட்டே இருக்கும். பியூன் கூப்பிடுற பேரையெல்லாம் நான் இங்க கிளாஸ்ல இருந்தே கேட்பேன். அம்மா பேர் வந்ததும் கட் பண்ணிட்டு உடனே திரும்ப அடிப்பேன். அம்மா கையில போன் அதிரும். அதிர்ந்தா எழுந்து உள்ள போகணும். அவ்வளவுதான். வீட்டுல மூணு தடவை ஒத்திகை பார்த்தோம்.

ஓவர்கோட் பாக்கெட்ல போன், முதுகு வழியா ஒயர், பின்னலுக்கு அடியில இடது காதுல இயர்போன். கடைசி பெஞ்சு. ரெண்டாவது பீரியட் கெமிஸ்ட்ரி. என் வலது காது ஸ்கூல்ல, இடது காது வேங்கிக்கால்ல. அங்க ஃபேன் கடகடன்னு ஓடறது, யாரோ செருப்பைத் தேய்ச்சு நடக்கிறது, பியூன் தொண்டையைச் செருமிட்டுப் பேர் கூப்பிடறது, எல்லாம் கேட்குது. கதவுல ஒட்டியிருந்த வரிசையை அம்மா காலையிலேயே படம் எடுத்து அனுப்பியிருந்துச்சு. அம்மா இருபத்து மூணாவது. பியூன் பதினாலாவது பேரைக் கூப்பிட்டாரு. இன்னும் நேரம் இருக்குன்னு மூச்சு விட்டேன்.

அந்த நேரம் பார்த்து டீச்சர் என்கிட்ட ஏதோ கேள்வி கேட்டிருக்காங்க. ரெண்டு தடவை கேட்டிருக்காங்க. கிளாஸே திரும்பிப் பார்க்குது, நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். பக்கத்துல வந்தவங்க பின்னலைத் தூக்கினாங்க. ஒயர் தெரிஞ்சுது. அப்படியே எச்.எம். ரூமுக்கு இழுத்துட்டுப் போனாங்க.

எச்.எம். போனை வாங்கிப் பார்த்தாங்க. முக்கால் மணி நேரமா ஓடிக்கிட்டிருக்கிற கால். அம்மா நம்பரை நான் 'என் உயிர்'னு போட்டு வச்சிருந்தேன், பக்கத்துல ஒரு சிவப்பு இதயம் வேற. பதினேழு வயசுப் பொண்ணு, என் உயிர், முக்கால் மணி நேரம். அவங்க என்ன நினைப்பாங்க? நானா இருந்தாலும் அதையேதான் நினைச்சிருப்பேன். போனைக் காதுல வச்சாங்க. பியூன் பேர் கூப்பிடறாரு இல்லையா, ஆம்பளைக் குரல். அவங்க மூஞ்சி சிவந்திருச்சு. படக்குனு கட் பண்ணினாங்க.

"யாருடி அவன்?"

"எங்கம்மா மேடம்."

"உங்கம்மாவுக்குத்தான் காது கேட்காதே! அவங்ககிட்ட என்னடி முக்கால் மணி நேரம் பேச்சு?"

எங்க ஆரம்பிச்சு எதைச் சொல்றது? நான் யோசிக்கிறதுக்குள்ள, "இரு, நானே கேட்கிறேன்"னு அவங்க அதே நம்பருக்குத் திரும்ப அடிச்சாங்க.

"ஐயோ மேடம், அடிக்காதீங்க! அடிச்சா எழுந்துரும் மேடம்!"னு கத்தினேன். யாருக்கும் ஒண்ணும் புரியலை. ரிங் போச்சு. யாரும் எடுக்கலை. எடுக்காது, அம்மாவுக்கு எடுக்கிற வேலையே இல்லையே, எழுந்து போறதுதானே வேலை! "பார், பயந்துட்டான்"னு எச்.எம். இன்னொரு தடவை அடிச்சாங்க. அப்புறம் மூணாவது தடவை. அப்புறம் போனை பீரோவுல வச்சுப் பூட்டி, "நாளைக்கு உங்கம்மாவோட வா. அது வரைக்கும் வெளியே நில்லு"ன்னாங்க.

வெளியே நின்னேன். மனசுக்குள்ள எல்லாம் ஓடுச்சு. அம்மா முறை இல்லாம உள்ள போயிருக்கும். துரத்தியிருப்பாங்க. மறுபடி பெஞ்சுல வந்து உக்கார்ந்திருக்கும். இனிமே அதோட பேரைக் கேட்க ஆளே இல்லை. இருபத்து மூணாவது பேரைக் கூப்பிடுவாரு, ரெண்டு தடவை கூப்பிடுவாரு, பக்கத்துலேயே உக்கார்ந்திருக்கிற மனுஷிக்கு 'ஆஜராகவில்லை' எழுதிடுவாங்க. மறுபடியும்! எனக்கு அதுக்கு மேல நிக்க முடியலை.

கேட் பூட்டியிருந்துச்சு. வாட்ச்மேன், "எங்க போறேம்மா, டி.சி. குடுத்துடுவாங்க!"ன்னு ஓடி வந்தாரு. "குடுக்கட்டும்!"னு சொல்லிட்டு ஏறிக் குதிச்சேன். ஓவர்கோட் கம்பியில மாட்டிக் கிழிஞ்சுது. ஷேர் ஆட்டோவுல அழுதுக்கிட்டும் திட்டிக்கிட்டும் போனேன். யாரைத் திட்டினேன்னு கேட்டா எல்லாரையும்தான், எச்.எம்., பியூன், கிளார்க்கோட காது, என்னையும் சேர்த்து. கூட இருந்தவங்க எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு நினைச்சிருப்பாங்க.

வராந்தாவுல பெஞ்சைப் பார்த்தேன். எங்கம்மா இல்லை. பியூன்கிட்ட ஓடினேன். "காது கேட்காதவங்க, பச்சைப் புடவை"ன்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள அவர் தலையில கையை வச்சுக்கிட்டாரு.

"உங்கம்மாவா? பேஜாரு பண்ணிடுச்சும்மா! நான் பதினஞ்சாவது ஆளைக் கூப்பிடறேன், இது எழுந்து சரசரன்னு உள்ள போயிருச்சு. உன் முறை இல்லைன்னு கத்தறேன், திரும்பியே பார்க்கலை. கையைப் பிடிச்சு இழுத்தா போனை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டுது. போன் அதிருது. கூப்பிட்டுட்டாங்க, கூப்பிட்டுட்டாங்கன்னு சைகை காட்டுது. வெளியே தள்ளலாம்னு பார்த்தா அது மறுபடி அதிருது, மறுபடி காட்டுது. கதவைப் பிடிச்சிக்கிட்டு நகரவே மாட்டேன்னுடுச்சு. அப்புறம் உள்ள இருந்த அதிகாரியம்மா அது சீட்டை வாங்கிப் பார்த்து, 'யாருங்க இவங்க, போன தடவை வரலைன்னு போட்டிருக்கே'ன்னு கேட்டு, அதையும் மத்த கேள்வியையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாங்க. இப்போ உக்கார்ந்து எழுதிக்கிட்டிருக்கு."

கதவு இடுக்குல எட்டிப் பார்த்தேன். எங்கம்மா நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதிக்கிட்டிருந்துச்சு. அந்தத் தாள்ல முதல் வரி என்னன்னு அப்புறம் என்கிட்ட சொல்லிச்சு. 'போன வருசம் வந்தேன். பெஞ்சில் இருந்தேன்.' அதுக்கு அப்புறம்தான் சமைக்கத் தெரியுமா, எத்தனை பேருக்கு உலை வைப்பேங்கிற கேள்விக்கெல்லாம் பதில்.

வெளியே வந்ததும் என்னையும் கிழிஞ்ச கோட்டையும் பார்த்துச்சு. "நீ ஏன் வந்தே? சரியாத்தானே அடிச்சே? மூணு தடவை அடிச்சியே!"ன்னு கேட்டுச்சு. நான் நடந்ததைச் சொன்னேன். அடிச்சது நான் இல்லை, எச்.எம்.னு சொன்னேன். உன் முறையே அப்போ வரலைன்னு சொன்னேன். எங்கம்மா வாயைப் பொத்திக்கிச்சு. அப்புறம் சிரிச்சுச்சு பாருங்க, தன் சிரிப்புக்குச் சத்தம் உண்டுன்னு அதுக்குத் தெரியாது, வராந்தாவே திரும்பிப் பார்த்துச்சு. சிரிச்சு ஓய்ஞ்சதும் என் கன்னத்தைத் துடைச்சு விட்டுட்டு ஒண்ணு சொல்லிச்சு. "தெரிஞ்சிருந்தா அவரு இழுத்ததும் வெளியே வந்திருப்பேன். நீ கூப்பிட்டேன்னு நினைச்சேன், அதான் நின்னேன்."

மறுநாள் ரெண்டு பேரும் ஸ்கூலுக்குப் போனோம். எச்.எம். என்னைத் திட்டறதை நானே அம்மாவுக்குக் கையால சொல்லவேண்டிய நிலைமை. அவங்க எங்கம்மாவுக்குப் புரியணும்னு குரலை உசத்திக்கிட்டே போனாங்க. "சத்தமா பேசினாலும் அதேதான் மேடம்"னேன். முறைச்சாங்க. ஒரு வார்த்தை விடாம எல்லாத்தையும் சொன்னேன், போனை ஒளிச்சுக் கொண்டுவந்தது, கேட் ஏறிக் குதிச்சது, அடங்காப்பிடாரிங்கிறது உட்பட. "எதையும் கம்மி பண்ணலையே?"ன்னு எங்கம்மா கேட்டுச்சு. இல்லைன்னேன். அப்புறம் எச்.எம். பக்கம் திரும்பிக் கும்பிட்டுச்சு.

"என்ன சொல்றாங்க?"

"நீங்க மூணு தடவை போன் அடிச்சதுக்கு நன்றி சொல்றாங்க மேடம்."

பேங்க்ல நடந்ததுல இருந்து முழுசா விளக்கிச் சொன்னேன். எச்.எம். கடைசி வரைக்கும் கேட்டாங்க. ஆனாலும் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாங்க. "எல்லாம் சரிம்மா. ரூல் ரூல்தான். இனிமே செய்யமாட்டேன்னு மன்னிப்பு எழுதிக் குடு, போனை வாங்கிக்கோ." எழுதமாட்டேன்னேன். எங்கம்மா அந்தத் தாளை எடுத்து நாலா மடிச்சு ஜாக்கெட்டுல வச்சுக்கிச்சு. வெளியே போய், எச்.எம். ரூம் எதிர்ல இருந்த பெஞ்சுல உக்கார்ந்துச்சு. பெஞ்சுல உக்கார எங்கம்மாவுக்கு யாரும் சொல்லித்தரணுமா என்ன? மத்தியான பெல் அடிச்சப்போ எச்.எம். அவங்களே போனைக் கொண்டு வந்து அது கையில குடுத்தாங்க. அதுக்கு அப்புறம் போன் ஆபீஸ்லதான் இருந்துச்சு. கிளார்க் மட்டும் அதை மூஞ்சிக்கு நேரா பிடிக்கக் கத்துக்கிட்டாரு.

பட்டியல் ஒட்டினாங்க. வேலை எங்கம்மாவுக்குக் கிடைக்கலை. அதுல ஒண்ணும் ஒளிவு மறைவு இல்லை, அன்னைக்கு ரெண்டு பேரும் அழுதோம். இன்னைக்கும் அது செங்கம் ரோட்டுலதான் விரிப்பு துவைக்குது. ஆனா பேருக்கு நேரா 'கலந்துகொண்டார், தேர்வாகவில்லை'ன்னு இருந்துச்சு. எங்கம்மா முதல் வார்த்தையை மட்டும் ரெண்டு தடவை சொல்லச் சொல்லிச்சு. சொன்னேன். விரலை அந்த எழுத்து மேல வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னுச்சு.

பரீட்சை எழுத எப்படியோ விட்டுட்டாங்க, ஆனா ஸ்கூல் ரிஜிஸ்டர்ல எனக்கும் நேர்காணல் அன்னைக்கு ஆப்சென்ட் போட்டிருந்தாங்க. அதை மாத்தச் சொல்லி நான் சண்டைக்குப் போகலை. அது நிஜம். நான் அங்க இல்லை, வேங்கிக்கால்ல இருந்தேன்.